32 பிட் என்றால் எத்தனை இலக்கம்?

திருவாரூர்ப் பக்கம் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. நெல் வியாபாரம் செய்யும் தன் சித்தப்பாவுக்காகக் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதுகிறார். விவசாயிகளின் செல் நம்பருக்கு மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் டேபிளில் இன்ட்(11) என்று, அதாவது முழு எண் வகையில், ஒரு ஃபீல்டு வைத்திருக்கிறார். பத்து இலக்க நம்பர் எதைப் போட்டாலும் 2147483647 என்றே பதிவாகிறது. ஃப்ளோட் என்ற புள்ளி எண் வகையில் வைத்த தொகைகளில் பைசா பிசகுகிறது. "32 பிட் என்றால் எத்தனை இலக்கம்? ஃப்ளோட்டுக்கு 7 இலக்கத் துல்லியம் என்கிறார்களே, அப்புறம் ஏன் தப்பு வருகிறது? இலக்கமும் பிட்டும் ஒன்றா, வேறா?" என்கிறார்.

வேறுதான் தம்பி. பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் இடம், இலக்கம் என்பது 0 முதல் 9 வரை கொள்ளும் இடம். அந்த இன்ட்(11)-இல் உள்ள 11 இருக்கிறதே, அது இலக்கமும் இல்லை, பிட்டும் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நேரான விடை. குறியுள்ள, அதாவது மைனஸ் எண்ணையும் வைக்கக்கூடிய, 32 பிட் இன்ட்டில் 9 இலக்க எண் எதைப் போட்டாலும் கொள்ளும். 10 இலக்க எண்களில் 2147483647 வரை கொள்ளும், அதற்கு மேல் கொள்ளாது. மொத்தமுள்ள 10 இலக்க எண்களில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஆகவே "இன்ட் 10 இலக்கம் பிடிக்கும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நம் பாடப்புத்தகங்கள் 2 பைட், 4 பைட், 8 பைட் (ஒரு பைட் 8 பிட்) என்று அட்டவணை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எத்தனை இலக்கத்துக்கு உத்தரவாதம் என்று எழுதுவதில்லை. வேலைக்குப் போனாலோ, எல்லாரும் இலக்கத்தில்தான் கேட்கிறார்கள்: செல் நம்பர் 10, ஆதார் 12, பைசாவுக்கு 2.

இரண்டும் ஏன் ஒட்டவில்லை? ஒரு பிட் கூடினால் எழுதக்கூடிய எண்கள் இரண்டு மடங்காகும். ஓர் இலக்கம் கூடினால் பத்து மடங்காகும். இரண்டை எத்தனை தடவை பெருக்கினாலும் பத்தின் அடுக்கு எதிலும் சரியாகப் போய் நிற்காது. பத்துக்குள் ஓர் ஐந்து இருக்கிறது, இரண்டின் அடுக்குகளுக்குள் அது கிடையாது. சிறிய எண்களில், விகிதப்படி பார்த்தால் மிகக் கிட்டத்தில் வருகிற இடம் 1024. பத்து பிட் கொடுத்தால் 1024 எண்கள், மூன்று இலக்கம் கொடுத்தால் 1000 எண்கள். மனக்கணக்குக்கு "10 பிட்டுக்கு 3 இலக்கம்" என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு பிட்டின் மதிப்பு 0.30103 இலக்கம், திருப்பிச் சொன்னால் ஓர் இலக்கத்துக்குச் செலவு 3.32 பிட்.

இதை வைத்து எல்லாவற்றையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். குறியுள்ள இன்ட்டில் ஒரு பிட் குறிக்குப் போக மீதி 31. அதை 0.30103 ஆல் பெருக்கினால் 9.33. பின்னத்தை வெட்டிவிடுங்கள்: 9 இலக்கம் உத்தரவாதம். அந்த 0.33 தான் 10 இலக்கத்தில் பாதியிலேயே நிற்கிற அந்தச் சுவர். லாங் என்ற 64 பிட் முழு எண் வகைக்கு 63 பிட், 18.96. உச்ச எண் 9223372036854775807. எண்ணினால் 19 இலக்கம் இருக்கும், ஆனால் உத்தரவாதம் 18-க்குத்தான். ஒரு பைட்டின் உச்சம் 255, மூன்று இலக்கம். உத்தரவாதம் இரண்டுதான், 256-ஐயே வைக்க முடியாதே. எதிர்த்திசையில் கேட்டால் மேல்நோக்கி முழுதாக்க வேண்டும். 10 இலக்கத்துக்கு 33.2, அதாவது 34 பிட். ஆதாரின் 12 இலக்கத்துக்கு 39.9, அதாவது 40 பிட்.

கவனித்துப் பாருங்கள், இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. "இதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணுக்கு எத்தனை இலக்கம்?" என்பது ஒன்று. "எத்தனை இலக்கம் வரை எந்த எண்ணைப் போட்டாலும் பத்திரமாக இருக்கும்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதன் விடை என்று நினைப்பதால்தான் முக்கால்வாசிக் கோளாறு வருகிறது. சி++ இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. அதன் நியூமெரிக்_லிமிட்ஸில் டிஜிட்ஸ் என்றும் டிஜிட்ஸ்10 என்றும் இரண்டு உண்டு. இன்ட்டுக்கு முதலாவது 31, இரண்டாவது 9. முன்னது பிட் கணக்கு, பின்னது நாம் எழுதும் பத்தடி (பத்தை அடியாகக் கொண்ட) இலக்கக் கணக்கு, அதுவும் உத்தரவாதமுள்ளது மட்டும்.

இனி உங்கள் இன்ட்(11). மைஎஸ்க்யூஎல்லில் அடைப்புக்குள் வரும் அந்த எண், திரையில் காட்டும்போது எத்தனை எழுத்து அகலம் என்பதற்கான குறிப்பு. சேமிக்கும் அளவை அது தொடவே தொடாது. இன்ட்(1) ஆனாலும் இன்ட்(20) ஆனாலும் உள்ளே அதே 4 பைட், அதே 2147483647. பதினொன்று ஏன் வந்தது என்றால், -2147483648 என்பதை மைனஸ் குறியோடு எழுத 11 எழுத்து வேண்டும், அவ்வளவுதான். முன்னால் பூச்சியம் நிரப்பிக் காட்டச் சொன்னால் ஒழிய இந்த எண்ணால் ஒரு வேலையும் இல்லை. 8.0.17 பதிப்பிலேயே இதைக் கைவிடப்போகும் அம்சம் என்று அறிவித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் தொடக்கத்திலேயே வைத்திருக்கக் கூடாத ஒன்று. இலக்க வரம்பு போலவே உடை உடுத்தி நிற்கிறது.

எல்லா விவசாயிக்கும் ஒரே நம்பர் பதிவானதற்குக் காரணமும் இப்போது புரிந்திருக்கும். நம் நாட்டு செல் நம்பர்கள் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. ஆகவே ஒன்றுகூட 2147483647-க்குள் வராது. குறியில்லாத இன்ட்டாக மாற்றினாலும் பயனில்லை, அதன் உச்சம் 4294967295 தான். உங்கள் சர்வரில் கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைந்திருக்கிறது, அதனால் பிழை என்று சொல்லி நிறுத்தாமல் உச்ச எண்ணோடு வெட்டி வைத்துவிட்டது. முதல் வேலையாகக் கண்டிப்பு முறையை ஆன் செய்யுங்கள். அப்படி வெட்டுப்பட்ட நம்பர்களைத் திரும்ப எடுக்க வழியில்லை, ஆட்களிடம் மறுபடி கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பிக்இன்ட் என்ற 64 பிட் வகையைப் போட்டால் கொள்ளும். ஆனாலும் போட வேண்டாம் என்பேன். செல் நம்பரை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். பெயருக்கு எழுத்து வகைதான் சரி: வார்கேர். ஆதார், வங்கிக் கணக்கு எண், பின்கோடு எல்லாம் இதே சாதி. வங்கிக் கணக்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சில வங்கிகளின் கணக்கு எண் பூச்சியத்தில் தொடங்கும். எண் வகையில் வைத்தால் அந்தப் பூச்சியம் காணாமல் போகும். எக்செல்லில் தட்டினால் அது 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 16-ஆவது இலக்கம் சத்தமில்லாமல் பூச்சியமாகிவிடும். அந்தத் தாளை அப்படியே வங்கிக்கு அனுப்பினால் பணம் யார் கணக்குக்குப் போகும், அல்லது எங்கே தொங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சர்வே நம்பர் கதை இதைவிட மோசம். 12/1 என்று தட்டினால் எக்செல் அதை ஜனவரி 12 ஆக்கிவிடுகிறது. நிலத்தின் உட்பிரிவு எண் பொங்கலுக்குப் பக்கத்துத் தேதியாக மாறி நிற்பதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் எழுதும் வரை.

சரி, உண்மையிலேயே கூட்டிக் கழிக்க வேண்டிய எண்களுக்கு வருவோம். டெல்டாவில் இருந்துகொண்டு இதற்குத் தண்ணீர்க் கணக்கைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அப்படியானால் கன அடியில் எண்ணும்போது ஒரு 32 பிட் இன்ட்டுக்குள் அடங்குவது 2.147 டிஎம்சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு, 120 அடி நிரம்பி நிற்கும்போது, 93.47 டிஎம்சி. நாற்பத்து மூன்று இன்ட் அடுக்கினாலும் அதற்குப் போதாது.

மேட்டூரிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி; ஆக 86 கோடியே 40 லட்சம் கன அடி. முதல் நாள் இன்ட்டில் சரியாக நிற்கும். இரண்டாம் நாள் 172 கோடியே 80 லட்சம், அதுவும் நிற்கும். மூன்றாம் நாள் முடிவில் 259 கோடியே 20 லட்சம் வர வேண்டும். ஜாவாவில் எழுதியிருந்தால் -1702967296 என்று வரும். ஆற்றில் மைனஸ் தண்ணீர்! 31 பிட் நிரம்பியதும் எண் மேலே உள்ள குறிப் பிட்டுக்குள் வழிந்து, 4294967296 கழிந்த விடை வருகிறது. மைஎஸ்க்யூஎல் உச்சத்தில் வெட்டி நிறுத்தியது, ஜாவா சுற்றிவிடுகிறது. சி மொழியிலோ குறியுள்ள எண் நிரம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு விதியே இல்லை, கம்பைலர் தன் இஷ்டம்போல் செய்யலாம். மூன்றிலும் பிட் தீர்ந்ததுதான் காரணம், வெளியே தெரியும் அறிகுறி மட்டும் வேறு.

ஜாவாக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. விடையை லாங்கில் வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைத்து 10000 * 86400 * 3 என்று எழுதுவார்கள். பெருக்கல் நடப்பது இன்ட்டுக்குள்; கெட்டுப்போன விடைதான் லாங்குக்குப் போய்ச் சேரும். எண்களில் முதலாவதை லாங்காக்க வேண்டும்.

உங்கள் வியாபாரக் கணக்கிலும் இதே இடி உண்டு. தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் இன்ட்டில் வைத்தால் 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு முடிந்துவிடும். குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தால் 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய். 21,475-ஆவது மூட்டையில் மொத்தம் சுற்றிக்கொள்ளும். சம்பா அறுவடை மும்முரத்தில் நாளைக்கு ஆயிரம் மூட்டை பிடிக்கிற இடத்தில் 22-ஆம் நாளே வந்துவிடும். லாங்கில் வைத்தால் 92,000 லட்சம் கோடி ரூபாய் தாண்டும் வரை கவலை இல்லை.

இப்போது ஃப்ளோட். இங்கேதான் இலக்கம், பிட் குழப்பம் முற்றிவிடுகிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஃப்ளோட்டும் 32 பிட் தான். அதில் ஒன்று குறிக்கு, எட்டு அடுக்குக்கு (இரண்டின் எந்த அடுக்கால் பெருக்க வேண்டும் என்பதற்கு). மீதி 23, அதோடு எழுதாமலே இருப்பதாகக் கொள்ளும் முன் பிட் ஒன்று சேர்த்து 24 பிட்டில் எண்ணின் இலக்கங்கள் நிற்கின்றன. எண் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் கைவசம் அந்த 24 தான். அதனால் ஃப்ளோட் பெரிய எண்ணை வேண்டாம் என்று தள்ளாது, வாங்கிக்கொள்ளும். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகும். 16777216 வரை எல்லா முழு எண்ணும் உண்டு. 16777217 இல்லை.

மேட்டூர்க் கணக்கையே ஃப்ளோட்டில் போடுங்கள். 93,470,000,000 என்று கொடுத்தால் உள்ளே நிற்பது 93,469,999,104. அந்த உயரத்தில் இடைவெளி 8,192 கன அடி. அணைக்கு வினாடிக்கு 4,000 கன அடி வந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு வினாடியும் அதை இருப்போடு கூட்டுகிறீர்கள் என்றால், இருப்பு அசையவே அசையாது. நாலாயிரம் என்பது இடைவெளியில் பாதிகூட இல்லை; ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணுக்கே முழுதாக்கப்படும். நாள் முழுக்கக் கூட்டினாலும் சொட்டு ஏறாது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை. இன்ட்டாவது மைனஸ் காட்டி மானத்தை வாங்கும், ஃப்ளோட் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

உங்கள் பைசாவுக்கு நடந்ததும் இதுவே. ஒரு பில் 1,31,072 ரூபாயைத் தாண்டினால் ஃப்ளோட்டின் இடைவெளி 0.015625 ரூபாய், ஒன்றரைப் பைசாவுக்கும் சற்று மேல். 1,50,000.01 என்று போட்டாலும் 1,50,000.02 என்று போட்டாலும் உள்ளே நிற்பது ஒரே எண், 150000.015625. திரும்பக் காட்டும்போது இரண்டுமே .02. அறுபது குவிண்டால் போடுகிறவரின் பில் இந்த அளவுக்கு வந்துவிடும், பெரிய மிராசு ஆக வேண்டியதில்லை. பத்தரை லட்சம் தாண்டினால் இடைவெளி பன்னிரண்டரைப் பைசா.

"7 இலக்கத் துல்லியம்" என்பதும் ஒரு சமாதானப் பேச்சுதான். 24 பிட்டை 0.30103 ஆல் பெருக்கினால் 7.22 வருகிறது, அதை வைத்துச் சொல்கிறார்கள். உத்தரவாதம் 6-க்குத்தான். காரணம், பிட்டின் இடைவெளிகள் இரண்டின் அடுக்குகளில் மாறுகின்றன, இலக்கத்தின் இடைவெளிகள் பத்தின் அடுக்குகளில் மாறுகின்றன, இரண்டும் ஒரே இடத்தில் மாறுவதில்லை. கன அடிக் கணக்கிலேயே காட்டுகிறேன். 8.59 டிஎம்சி தாண்டி 10 டிஎம்சி வரை ஃப்ளோட்டின் இடைவெளி 1024 கன அடி. அதே பகுதியில் 7 இலக்கத்தில் எழுதினால் அடுத்தடுத்த எண்களுக்கு வித்தியாசம் 1000. ஆயிரம் ஆயிரமாக வருகிறவற்றை 1024 இடைவெளியுள்ள இடங்களில் உட்கார வைத்தால், அங்கங்கே இரண்டு பேர் ஒரே இடத்தில் உட்கார வேண்டிவரும். எந்த இரண்டு எண் மோதும் என்று முன்கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஆகவே 6 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இங்கேயும் அதே 1024-க்கும் 1000-க்கும் நடுவே உள்ள தகராறுதான்.

ஃப்ளோட்டின் 64 பிட் அண்ணன் டபுள். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட், 15.95 வரும், உத்தரவாதம் 15 இலக்கம். எக்செல்லின் 15 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

திருப்பிக் கேட்டால் இன்னொரு ஜோடி எண்கள் வரும். உள்ளே இருக்கும் ஃப்ளோட்டை எழுத்தாக்கி ஃபைலில் வைத்து, மறுபடி படித்தால் அதே பிட்கள் வர வேண்டும் என்றால் எத்தனை இலக்கம் எழுத வேண்டும்? ஃப்ளோட்டுக்கு 9, டபுளுக்கு 17. உள்ளே போகும்போது 15 பத்திரம், வெளியே வரும்போது 17 தேவை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து 15 இலக்கத்தோடு டபுளை எழுதி வைப்பவர்கள் உண்டு. கடைசிச் சில பிட்கள் கரைந்துபோயிருக்கும்.

நம் ஊர்ப்பெருமையை ஓரிடத்தில் சொல்லிக்கொள்கிறேன். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் பை-யின் மதிப்புக்கு ஒரு தொடர் உண்டு. ஒவ்வோர் உறுப்பும் சுமார் 8 இலக்கம் சேர்க்கும். முதல் உறுப்பு மட்டும் போட்டால் 3.14159273 வரும். இலக்கமாகப் பார்த்தால் கடைசியில் பிசகு. அதை ஃப்ளோட்டில் வையுங்கள்: பை-யைத் துல்லியமாகக் கணக்கிட்டு ஃப்ளோட்டில் வைத்தால் எந்த 24 பிட் கிடைக்குமோ, அதே 24 பிட் கிடைக்கும். ஃப்ளோட்டுக்கு ஓர் உறுப்பே போதும். இரண்டாவது உறுப்பைச் சேர்த்தால் டபுளில் கடைசி ஓரிரு பிட் தவிர மற்றதெல்லாம் சரியாகிவிடும். மூன்றாவது போட்டால் டபுளுக்கு அதை முழுதாக வாங்கிக்கொள்ளவே இடமில்லை.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது, அது பிட் எண்ணிக்கையைக் கூட்டித் தீராது. 0.1 என்ற எண். நமக்கு அது ஒரே ஓர் இலக்கம். இரண்டடியில் (இரண்டை அடியாகக் கொண்டு, 0, 1 மட்டும் வைத்து) எழுதினால் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் 0.1 + 0.2 என்று கேட்டால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் 0.30000000000000004 என்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள நம் நில அளவே போதும். டெல்டாவில் மூன்று மா ஓர் ஏக்கர் என்பார்கள், ஒரு மா 33 சென்ட் என்பார்கள். மூன்று 33 கூட்டினால் 99 தானே? அந்த ஒரு சென்ட் எங்கே போயிற்று? பத்தடியில் மூன்றில் ஒன்றை எழுதி முடிக்க முடியாது, அதனால் 33 என்று வெட்டிவிட்டோம். கணினி பத்தில் ஒன்றுக்குச் செய்வதும் அதே வெட்டுதான். பத்தடியில் முடியும் பின்னங்களின் பகுதியில், அதாவது கீழ் எண்ணில், 2-ம் 5-ம் மட்டுமே காரணிகளாக இருக்கலாம். இரண்டடியில் 2 மட்டும். நம் பழைய கீழ்வாய்க் (பின்னக்) கணக்கை இதில் பொருத்திப் பார்த்தால் அழகாகப் பிரியும். அரை, கால், அரைக்கால், மாகாணி, அதாவது 1/2, 1/4, 1/8, 1/16: இவை பிட்டில் மிச்சமில்லாமல் நிற்கும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320: இவற்றுள் ஐந்து ஒளிந்திருக்கிறது, பிட்டில் முடியாது. ஒரு வேலிக்கு இருபது மா. வேலியை அலகாக வைத்து 0.05, 0.05 என்று டபுளில் கூட்டிக்கொண்டே போனால் கடைசி இலக்கங்களில் தூசி படியத் தொடங்கும்.

தூசிதானே என்று விட முடியாத இடங்களும் உண்டு. 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணிக்கொண்டு, அதை 0.1 ஆல் பெருக்கி வினாடியாக்கியது. அந்த 0.1 வெட்டப்பட்டு 24 பிட்டில் இருந்தது. ஒரு தடவைக்குப் பிசகு ஏறக்குறைய 0.000000095. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 வினாடியாக வளர்ந்தது. ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ராடார் தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை படைக்குடியிருப்பில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

ஆகவே காசுக்கு ஃப்ளோட் கூடாது, டபுளும் கூடாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று முன்னமே சொன்னது: பைசாவாக்கி லாங்கில் முழு எண்ணாக வைப்பது. மற்றது இலக்கத்தையே அலகாகக் கொண்ட வகை, டேட்டாபேஸில் டெசிமல். இங்கேதான் அடைப்புக்குள் எழுதும் எண் உண்மையிலேயே இலக்கம். டெசிமல்(10,2) என்றால் மொத்தம் 10 இலக்கம், அதில் 2 புள்ளிக்குப் பின். புள்ளிக்கு முன் பத்து என்று நினைத்துவிடாதீர்கள், எட்டுதான். உச்சம் 9,99,99,999.99. பத்துக் கோடி ரூபாயை இதில் எழுத முடியாது.

இலக்கத்தைக் கணினி எப்படிச் சேமிக்கிறது? பழைய வழி ஓர் இலக்கத்துக்கு 4 பிட். நாலு பிட்டில் 16 சாத்தியம், நமக்கு வேண்டியது 10, மீதி 6 வீண். கோபால் (COBOL) என்ற பழைய மொழியில் எழுதிய நிரல்கள் ஓடும் மெயின்ஃப்ரேம் கணினிகளில் காசுக்கணக்கு இப்படித்தான் நடக்கிறது. 32 பிட்டில் இந்த முறையில் 8 இலக்கம் வரும். மைஎஸ்க்யூஎல் கொஞ்சம் சிக்கனம்: 9 இலக்கத்தைக் கட்டாக எடுத்து 4 பைட்டில் வைக்கிறது. ஏன் ஒன்பது? 32 பிட்டில் எது வந்தாலும் கொள்ளும் என்ற உத்தரவாதம் 9-க்குத்தான். முதலில் போட்ட கணக்கை அதை எழுதியவர்களும் போட்டிருக்கிறார்கள்.

டெசிமலிலும் மூன்றில் ஒன்று முடியாது, மறந்துவிடாதீர்கள். ஒரு தொகையை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்தால் மிச்சப் பைசா யாருக்கு என்பதை நிரல்தான் முடிவு செய்ய வேண்டும், எண் வகை செய்யாது.

மொபைல் ஆப்பில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்களா என்று தெரியாததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதன் சாதாரண எண் எல்லாமே டபுள். 9007199254740991 வரைதான் முழு எண்கள் பத்திரம். 9007199254740993 என்று அனுப்பினால் 9007199254740992 என்று மாறிவிடும். பிக்இன்ட் ஐடிகளை ஆப்புக்கு அனுப்பும்போது எழுத்தாக அனுப்புங்கள். பைத்தானில் முழு எண்ணுக்குப் பிட் வரம்பே இல்லை. ஆனால் 3.11-இலிருந்து எண்ணை எழுத்தாக்கும்போது 4300 இலக்கத்துக்கு மேல் போனால், வரம்பை நீங்களே உயர்த்தினால் ஒழிய, மறுத்துவிடும். அந்த வரம்பு பிட்டில் இல்லாமல் இலக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

உங்கள் டேபிளுக்கு என் பரிந்துரை: செல் நம்பர், ஆதார், கணக்கு எண், சர்வே நம்பர் நான்கும் வார்கேர். தொகைக்கு டெசிமல்(14,2), ஒரு வியாபாரிக்கு அது தாராளம். மூட்டை எண்ணிக்கைக்கு இன்ட், அடைப்பும் எண்ணும் இல்லாமல். எடையைக் கிராமில் பிக்இன்ட்டாக வையுங்கள். இன்ட்டில் வைத்தால் 2,147 டன்னோடு மொத்தம் நின்றுவிடும். ஈரப்பதம் 17.5 என்பது போல வருவதற்கு டெசிமல்(4,1). நிலத்தின் அளவைச் சென்ட்டில் வைக்காதீர்கள், அந்த 33 உங்களைப் படுத்தும். ஒரு மாவுக்கு நூறு குழி, ஒரு வேலிக்கு இரண்டாயிரம். குழியில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, சென்ட் வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் திரையில் மட்டும் மாற்றிக் காட்டுங்கள். பத்திரத்தில் சென்ட்டிலேயே எழுதி வருகிறவர்களுக்கு அதைத் தனி ஃபீல்டில் எழுதியபடியே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்து கூட்ட வேண்டாம்.